கட்டுப் போடுறவங்களைக் கும்பிட்டது போதும்

முன்குறிப்பு: அடிபட்ட காட்டுயிர்களைக் காப்பாத்துறவங்களைத் திட்டுற பதிவு இல்லை இது. அவங்களைப் பாராட்டுற நம்மளைத் திட்டுற பதிவு. ஆட்டோ அனுப்பறவங்க கடைசி வரைக்கும் படிச்சிட்டு அனுப்பவும் :-)

சமீபத்துல நம்ம பதிவர்கள் மூணு பேர், அடிபட்ட பறவைகளையும் விலங்குகளையும் தூக்கிட்டு வந்து வைத்தியம் பாக்குறவங்களைப் பத்தி எழுதியிருந்தாங்க. மூணுமே நல்ல பதிவுகள். பின்னூட்டங்களையும் ஒண்ணு விடாம படிச்சேன். "கண்ணில் நீர் வந்துவிட்டது." "மனித தெய்வங்கள்." "இந்த மாதிரி நாலு பேர் இருக்குறதாலதான் மழை பெய்யுது." எல்லாம் சரி. ஆனா அத்தனை பின்னூட்டத்துல ஒருத்தர்கூட ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கலை.

அதுக்கு எப்படிங்க அடிபட்டுச்சு?

இந்தக் கேள்வியைக் கேட்காம போடுற பாராட்டு எதுக்கும் உதவாதுன்னு நான் நினைக்கிறேன். உதவாததோட நிக்காது, கெடுதலும் பண்ணும். நல்லவங்க பாத்துக்கறாங்கன்னு ஒரு நிம்மதியைக் குடுத்து நம்மளைத் தூங்க வச்சிடும். ஏன் இப்படிச் சொல்றேன்னு கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

முதல்ல டில்லி. நதீம் ஷெஹ்ஸாத், முகமது சவூத்னு ரெண்டு சகோதரர்கள். வஜீராபாத் பக்கம் வீடு. சோப்பு டிஸ்பென்சர் தயாரிக்கிறதுதான் பிழைப்பு. பல வருஷமா அடிபட்ட பருந்துகளை எடுத்து வந்து வைத்தியம் பாக்குறாங்க. அவங்க ஆரம்பிச்ச கதை சுவாரசியமானது. சின்ன வயசுல அடிபட்ட பருந்து ஒண்ணை எடுத்துக்கிட்டு பறவைகள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. இது மாமிசம் தின்கிற பறவை, இங்க சேர்க்க மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். உடற்பயிற்சிக் காலத்துல தசை, தசைநார் பத்திக் கத்துக்கிட்டதை வச்சுக்கிட்டு, பிறகு தாங்களே இறங்கிட்டாங்க. இவங்களைப் பத்தி ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' ஆவணப்படம் 2022ல சன்டான்ஸ்லயும் கான்லயும் விருது வாங்குச்சு. 2023ல ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரைக்கும் போச்சு.

உலகமே கைதட்டுச்சு. நல்லது. ஆனா அவங்ககிட்ட வர்ற பருந்துல பெரும்பாலானது எதனால வருது தெரியுமா? மாஞ்சா.

வடசென்னைக்காரங்களுக்கு மாஞ்சாவை விளக்க வேண்டியதில்லை. மத்தவங்களுக்காக: கண்ணாடித் தூளைப் பசையில குழைச்சு நூல்ல தடவிக் காய வச்சா மாஞ்சா. எதிராளி காத்தாடியை டீல் விட்டு அறுக்குறதுக்கு. அந்தக் காலத்துல அடியில இருக்கிறது பருத்தி நூல். இழுத்தா அறும், மழையில ஊறி மட்கும். இப்ப வர்றது நைலான். அறுக்கவும் முடியாது, மட்கவும் மட்காது. மரத்துல சிக்கினா வருஷக்கணக்குல தொங்கும். பருந்து பறக்கிற உயரமும் காத்தாடி பறக்கிற உயரமும் ஒண்ணுதான். நூல் அதுக்குக் கண்ணுக்குத் தெரியாது. தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல விரிஞ்சிருக்குமே இறக்கைச் சவ்வு, அங்க சரக்குன்னு இறங்கும். தோலோட போனா தைக்கலாம். தசைநார் போச்சுன்னா அந்தப் பறவை இனி பறக்காது. எவ்வளவு பெரிய டாக்டர் வந்தாலும் பறக்காது. மிச்சம் இருக்கிறது ஆயுசு முழுக்கக் கூண்டு, இல்லேன்னா கருணைக்கொலை.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாதிரி செயற்கை நூல் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை பண்ணது 2017 ஜூலையில. டில்லி அரசு அதுக்கும் சில மாசம் முன்னாடியே தடை பண்ணிடுச்சு. அப்புறமும் ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் டில்லியில பருந்து விழுது. ஒவ்வொரு ஜனவரி 14க்கும் ஆமதாபாத்துல விழுது. நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுது? 2019 நவம்பர்ல வடசென்னையில அப்பாவோட பைக்ல முன்னாடி உட்கார்ந்து வந்த 3 வயசுக் குழந்தை கழுத்துல மாஞ்சா அறுத்துச் செத்துப் போச்சு. அப்பவும் சென்னையில மாஞ்சாவுக்குத் தடை இருந்துச்சு! குழந்தைக் கழுத்துக்கே இந்த மரியாதைன்னா பருந்து இறக்கைக்கு என்ன மரியாதை இருக்கும்?

அடுத்தது நம்ம கடற்கரை. பங்குனி ஆமைகளுக்காக 1988லேர்ந்து சென்னையில மாணவர்கள் ராத்திரியில மணல்ல நடக்கிறாங்க. ஜனவரியிலேர்ந்து பல கிலோமீட்டர். முட்டையைத் தேடி எடுத்து, பொரிப்பகத்துல புதைச்சு, குஞ்சு வந்ததும் கடல்ல விடுறாங்க. குஞ்சு விடுற சாயங்காலம் நாமளும் குடும்பத்தோட போய் போட்டோ எடுத்துக்கறோம். ரொம்ப அழகான காட்சி. மறுக்கலை.

2025 ஜனவரியில என்ன நடந்துச்சு? சென்னையை ஒட்டின கரையில ஆயிரத்துக்கும் மேல ஆமைகள் செத்து ஒதுங்குச்சு. முட்டையிட வந்த வளர்ந்த ஆமைகள். ஆமைக்கு நுரையீரல், மேல வந்து மூச்சு விட்டாத்தான் உயிரு. இழுவை வலையில மாட்டினா மேல வர முடியாது, மூச்சு முட்டிச் சாகும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983லேயே வந்தாச்சு. கரையிலேர்ந்து 5 கடல் மைலுக்குள்ள இழுவைப் படகு வரக்கூடாது. ஆமை வெளியேற வழி விடுற கம்பி வளையத்தை வலையில பொருத்தணும்னும் சொல்லியாச்சு. எல்லாம் காகிதத்துல பத்திரமா இருக்கு.

கணக்கைப் பாருங்க. ஆயிரம் குஞ்சு கடலுக்குள்ள போனா ஒண்ணு ரெண்டு தான் வளர்ந்து பெருசாகும்னு சொல்வாங்க. அப்படிப் பெருசாகி முட்டையிட பத்து வருஷத்துக்கு மேல ஆகும். ஆக செத்து ஒதுங்குற ஒவ்வொரு பெண் ஆமையும், மாணவர்கள் எத்தனையோ ராத்திரி நடந்த நடைக்குச் சமம். ஒரு சீசன்ல அதை அள்ளிக் குப்பையில போட்டுட்டு, "ஆமைக்குஞ்சு க்யூட்"னு ஸ்டேட்டஸ் போட்டா அதுக்குப் பேரு என்ன?

"சரிப்பா, காரணத்தை நிறுத்தணும்ங்கிறே. அது நடக்கிற காரியமா? நம்ம நாட்டுல?" அப்படின்னு கேட்பீங்க. நடந்திருக்கு. ரெண்டு உதாரணம் சொல்றேன்.

ஒண்ணு பாறு கழுகு. நம்ம ஊர்ல செத்த மாட்டைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்த பிணந்தின்னிக் கழுகு. 1990கள்ல ஆரம்பிச்சு கூட்டங்கூட்டமா காணாமப் போச்சு. 1992லேர்ந்து 2007க்குள்ள வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒண்ணுங்கிற அளவுக்குக் குறைஞ்சது. அடிபட்டு விழுந்திருந்தா யாராவது தூக்கிக் காப்பாத்தியிருப்பாங்க. ஆனா இது உள்ளுக்குள்ள சிறுநீரகம் கெட்டு, மரத்துலயே கழுத்தைத் தொங்கப் போட்டுச் செத்துச்சு. எத்தனை தன்னார்வலர், எத்தனை ஆம்புலன்ஸ் இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. செத்த பறவைகளை அறுத்துப் பார்த்து, காரணம் டைக்ளோஃபினாக்னு 2004ல சொன்னாங்க. மாட்டுக்குப் போடுற வலி மாத்திரை, வலி ஊசி. அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ன கழுகும் செத்திருக்கு. நூறு மாட்டுச் சடலத்துல ஒண்ணுல இருந்தாலே போதும், மொத்த இனத்தையும் அழிக்க. ஏன்னா ஒரு மாட்டைத் தின்ன ஒரு கூட்டமே வரும்.

2006ல கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடை. பதிலுக்கு மெலாக்சிகாம் இருந்துச்சு. மனுஷங்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட ஆரம்பிச்சாங்க. 2015ல அந்தப் பெரிய பாட்டிலையும் நிறுத்தி 3 மில்லி ஊசிக்குக் கொண்டு வந்தாங்க. 2023ல கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ரெண்டும் கால்நடைகளுக்குத் தடை. கழுகு இன்னும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பலை, திரும்பப் பல காலம் ஆகும். ஆனா முழுசா அழிஞ்சு போகாம இன்னிக்கு மாயாறு பள்ளத்தாக்குல கூடு கட்டுதுன்னா, அதுல பேனாவுக்கும் பெரிய பங்கு இருக்கு.

ரெண்டாவது, பாட்டில். நாம எல்லாரும் ஜெயமோகனோட 'யானை டாக்டர்' படிச்சவங்கதான். 2011ல அது வந்தப்போ எத்தனை பதிவு, எத்தனை விமர்சனம்! காட்டுக்குள்ள போய் குடிச்சிட்டு வீசுற பாட்டில் உடைஞ்சு யானைக் கால்ல ஏறி, அது சீழ் பிடிச்சுச் சாகுற கொடுமையைப் படிச்சிட்டு அழாதவங்க யாரு? அழுதோம். டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி காலமானது 2002ல. கதை வந்தது 2011ல. அப்புறமும் பத்து வருஷத்துக்கு மேல நீலகிரியில பாட்டில் உடைஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு. நம்ம கண்ணீரால ஒரு பாட்டில்கூடக் குறையலை.

குறைச்சது எது தெரியுமா? 10 ரூபாய். சென்னை உயர் நீதிமன்றம் விடாம துரத்துனதால, 2022 மே மாசம் நீலகிரி டாஸ்மாக் கடைகள்ல பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலா வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா அந்த 10 ரூபாயைத் திருப்பித் தர்ற திட்டம் வந்துச்சு. வித்த பாட்டில்ல பெரும்பகுதி திரும்பி வந்துடுச்சு! குடிமகன் திருந்தலை, யானை மேல திடீர்னு பாசமும் வரலை. 10 ரூபாய் வேணும், அவ்வளவுதான். பிறகு மத்த மாவட்டங்களுக்கும் கொண்டு போனாங்க. வேலைச்சுமை கூடுதுன்னு டாஸ்மாக் ஊழியர்கள் எதிர்ப்புத் தெரிவிச்சாங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, கூட ஆள் போடணும். ஆனா இலக்கியத்தால முடியாததை ஒரு ஸ்டிக்கர் சாதிச்சதுங்கிறதை ஒத்துக்கணும்.

அப்ப காப்பாத்துறவங்க வேலை வெட்டி வேலையா? அங்கதான் விஷயமே இருக்கு.

எங்க தெருவுல வேப்பமரத்துல ஒரு புள்ளி ஆந்தை நூல்ல சிக்கித் தலைகீழா தொங்கிச்சு. அங்க இங்க போன் போட்டு, அவங்க இவங்களைக் கேளுங்கன்னு சுத்த விட்டு, கடைசியில ஒரு காலேஜ் பையன் அட்டைப் பெட்டியும் துண்டுமா வந்தான். நூலை உருவாம, ரெண்டு பக்கமும் கத்தரிச்சு எடுத்தான். பெட்டியில வச்சு மூடினான். அப்புறம் பையிலேர்ந்து ஒரு நோட்டை எடுத்து, "அண்ணா, எப்பலேர்ந்து தொங்குதுன்னு தெரியுமா?"ன்னு கேட்டு எழுத ஆரம்பிச்சான். எட்டிப் பாத்தேன். தேதி, இடம், என்ன பறவை, எதனால, என்ன ஆச்சு. 'எதனால'ங்கிற கட்டத்துல மேலேர்ந்து கீழ: நூல், நூல், பூனை, நூல், கண்ணாடி ஜன்னல், நூல், நூல். "இதை யார்கிட்ட தம்பி குடுப்பே?"ன்னேன். "யாரும் கேட்டதில்லைண்ணா"ன்னான்.

இதைத்தான் நான் சொல்ல வர்றேன். அந்தப் பையன் செஞ்ச ரெண்டு வேலையில, பெட்டியை நாம எல்லாரும் பாத்தோம். தெருவே கைதட்டுச்சு, ரெண்டு பேர் வீடியோ எடுத்தாங்க. நோட்டை யாரும் பாக்கலை. ஆனா பெட்டி ஒரு ஆந்தையைக் காப்பாத்தும். நோட்டு அடுத்த நூறு ஆந்தையைக் காப்பாத்தும். செத்த கழுகை அறுத்துப் பார்த்துக் காரணம் எழுதினதாலதான் மருந்து தடையாச்சு. யானை டாக்டர்னு நாம கொண்டாடுற கிருஷ்ணமூர்த்தி, செத்த யானைகளை அறுத்துப் பார்த்துக் குறிப்பு எடுத்தவர். நாத்தம் பிடிச்ச சடலத்துக்குள்ள இறங்கி அவர் தேடினது இந்த 'எதனால'ங்கிற கட்டத்துக்கான பதிலைத்தான். காட்டுயிர் மருத்துவர்தான் காயத்துக்கு முதல் சாட்சி. சாட்சியைக் கும்பிட்டுட்டு சாட்சியத்தைக் குப்பையில போட்டா வழக்கு என்ன ஆகும்?

எதிர்ப்பு வரும்னு தெரியும். வழக்கமா வர்றதுக்கு இப்பவே பதில் சொல்லிடுறேன்.

"காத்தாடி ஏழைப் பசங்க விளையாட்டு, அதுலயா கை வைப்பே?" காத்தாடி விடட்டும். வெறும் பருத்தி நூல்ல காத்தாடி ஜம்முனு ஏறும். டீல் மட்டும்தான் விட முடியாது. தவிர, நான் பசங்களைப் பிடிக்கச் சொல்லலை. நைலான் உருண்டையை மூட்டை மூட்டையா இறக்கி விக்கிறவன் ஏழைப் பையன் இல்லை.

"மீனவர் வயித்துல அடிக்கிறியா?" 5 கடல் மைல் விதி வந்ததே கட்டுமரக்காரங்களையும் சின்னப் படகுக்காரங்களையும் இழுவைப் படகுலேர்ந்து காப்பாத்தத்தான். அந்த விதியை அமல்படுத்தினா ஆமையும் பிழைக்கும், சின்ன மீனவரும் பிழைப்பார்.

"முதல்ல அரசு பெரிய காட்டுயிர் ஆஸ்பத்திரி கட்டட்டும்." கட்டட்டும், வேண்டாம்னு யார் சொன்னா? மாட்டுக்கும் கோழிக்கும் நாய்க்கும் படிச்ச டாக்டர்கிட்ட ராத்திரி பத்து மணிக்குக் கொக்கைக் கொண்டு போய் நீட்டினா அவர் என்ன பண்ணுவார், பாவம். தனியா ஆளும் இடமும் வேணும். ஆனா குழாயைத் திறந்து விட்டுட்டு தரையைத் துடைக்க இன்னும் நாலு துடைப்பம் வாங்குறதை நான் திட்டம்னு சொல்ல மாட்டேன்.

"நீ என்ன கிழிச்சே?" இந்தக் கேள்வி வரலைன்னா அது தமிழ் வலைப்பதிவே இல்லை :-) நான் கிழிக்கலை. கேள்விக்கும் அதுக்கும் சம்பந்தமும் இல்லை.

சரி, உருப்படியா என்ன பண்ணலாம்? எனக்குத் தோணினது:

1. அடிபட்டதைப் பார்த்தா பால் ஊத்தாதீங்க, வாயில தண்ணி விடாதீங்க, செல்ஃபி எடுக்காதீங்க. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி, இருட்டு, அமைதி. உடனே வனத்துறைக்கோ காப்பாத்துறவங்களுக்கோ போன். வீட்டுல வச்சு வளர்க்கிறது 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். கீழ உட்கார்ந்திருக்கிற இறக்கை முளைச்ச குஞ்சு பாதி நேரம் பறக்கப் பழகுதுங்க, அம்மா பக்கத்துலயே இருக்கும். அதைக் 'காப்பாத்தி' எடுத்துட்டுப் போறது பிள்ளை பிடிக்கிற வேலை.

2. உங்க ஊர்ல காப்பாத்துறவங்க யாராவது இருந்தா பணம் குடுங்க, பழைய துண்டு குடுங்க. கூடவே அந்த நோட்டைக் கேளுங்க. 'எதனால' கட்டத்தைத் தொகுத்துக் குடுக்க நம்மள்ல எத்தனை பேர் கம்ப்யூட்டர் ஆளுங்க! ஒரு ஞாயித்துக்கிழமை வேலை.

3. தொகுத்ததைக் கையில வச்சுக்கிட்டு, இந்தத் தெருவுல இந்தக் கடை, இந்த மாசத்துல இத்தனை பறவைன்னு மனு போடுங்க. மாநகராட்சி, போலீஸ், வனத்துறை, கவுன்சிலர்னு எல்லாருக்கும். தகவல் உரிமைச் சட்டத்துல, தடை வந்த பிறகு எத்தனை கடைக்கு நடவடிக்கைன்னு கேளுங்க. பதில் வராது. மறுபடி கேளுங்க.

4. பாராட்டுப் பதிவு எழுதுறவங்க, காப்பாத்தினவர் பேரை எழுதுற அதே வரியில காயத்தோட காரணத்தையும் எழுதுங்க. "மாஞ்சாவில் அறுபட்ட பருந்தை", "இழுவை வலையில் மாட்டிய ஆமையை". இந்த ஒரு சொல் கூடினா படிக்கிறவன் மனசுல கண்ணீரோட சேர்ந்து ஒரு கேள்வியும் வரும்.

காப்பாத்துறவங்க யாரும் நம்மகிட்ட தெய்வப் பட்டம் கேட்கலை. தூங்காத கண்ணோட, கொத்து வாங்கின கையோட, நாளைக்கு இதே காயம் மறுபடி வரக்கூடாதுன்னுதான் நினைக்கிறாங்க. அவங்களுக்கு வேலை இல்லாமப் பண்றதுதான் அவங்களுக்கு நாம செய்யுற மரியாதை.

பின்னூட்டத்துல திட்டலாம், மறுக்கலாம், உங்க ஊர்ல 'எதனால'ன்னு சொல்லலாம். "அருமையான பதிவு, கண்கள் பனித்தன"ன்னு மட்டும் போட்டுடாதீங்க சாமி.